ஆறு மாதமாகப் பயன்படுத்தும் பிபி மெஷின்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு பயத்தில் வாங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2021-ல் உலகில் இறந்தவர்கள் சுமார் 6.8 கோடி பேர். முதலிடம் மாரடைப்பு வகை இதய நோய், 13 சதவீதம். கொரோனா இரண்டாவது, பக்கவாதம் மூன்றாவது. 2000-க்குப் பிறகு வயிற்றுப்போக்குச் சாவுகள் நன்றாகக் குறைந்துவிட்டன, இதய நோய்ச் சாவுகளோ ஏறிக்கொண்டே போகின்றன.

சரி, மெஷினுக்கு வருவோம். எழுத்து பெரிது, அப்பா கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு எடுத்தால்தான் அளவை நம்பலாம். இருவர் கணக்கைத் தனித்தனியாகச் சேமிக்கலாம். ஆனால் அம்மா தினமும் அப்பாவின் பட்டனையே அழுத்துகிறார், இப்போது யாருடைய 150 என்றே தெரியவில்லை. பீப் சத்தத்தை நிறுத்த வழியில்லை. அதற்காகவே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.