மீத்தேன் எங்கே பிறந்தது: லேசர் பரிசோதனைச் சேவை ஒன்றின் மதிப்பீடு

மேலூர்ப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றில் குமிழியிட்டு வந்த வாயு தீக்குச்சி பட்டதும் எரிந்ததால், ராமநாதபுரத்தில் எடுக்கப்படும் எரிவாயு இங்கும் இருக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. இரண்டிலும் முதன்மையாக எரிவது மீத்தேன்தான்; அது எங்கே பிறந்தது என்பதே கேள்வி. உண்மையை அறிய, மதுரையிலுள்ள தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் லேசர் ஐசோடோப்புப் பரிசோதனை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தை லேசர் ஒளியால் அளப்பது) செய்தோம். கருவியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அறிக்கையைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது.

இயற்கையிலுள்ள கார்பனில் சுமார் 1.1 சதவீதம் கனமான கார்பன்-13. நுண்ணுயிர்கள் இலேசான கார்பன்-12ஐயே எளிதில் பயன்படுத்துவதால், சேற்றிலும் சாணத்திலும் பிறக்கும் மீத்தேனில் கனமான வகை குறைந்து, சர்வதேச அளவுகோலில் (ஒப்பீட்டுப் பொருளைவிடக் கார்பன்-13 விகிதம் ஆயிரத்துக்கு எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்பதைக் காட்டுவது) அதன் மதிப்பு பெரும்பாலும் ஆயிரத்துக்கு மைனஸ் 60ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ அமைகிறது. நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தால் உருவாகும் எரிவாயுவுக்கோ அது ஏறத்தாழ மைனஸ் 50க்கும் மைனஸ் 25க்கும் இடைப்பட்டது. கார்பன்-12 உள்ள மீத்தேன் மூலக்கூறுகளும் கார்பன்-13 உள்ளவையும் அகச்சிவப்பு ஒளியைச் சற்றே வேறுபட்ட அலைநீளங்களில் உறிஞ்சுகின்றன. கருவியின் சிறிய அறைக்குள் ஆடிகளுக்கிடையே ஒளி திரும்பத் திரும்ப ஓடிக் கிலோமீட்டர் கணக்கில் பயணம் செய்வதால், அந்த வேறுபாடு அளவிடத் தக்கதாகிறது. இதே விகிதத்தை அணுக்களின் எடையைக் கொண்டு பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானியில் மீத்தேனை முதலில் எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக மாற்ற வேண்டியிருக்கும். இங்கே அந்த வேலையே இல்லை.

எங்கள் மாதிரிக்கு மைனஸ் 66 வந்தது; அதாவது நுண்ணுயிர்கள் உண்டாக்கிய சேற்று வாயு. அடியில் கிரானைட்டும் நைஸ் (gneiss) என்னும் கடினப் பாறையும் உள்ள நிலத்தில், ராமநாதபுரத்துப் படிவுப் பாறைகளில் கிடைப்பது போன்ற எரிவாயுவை எதிர்பார்க்க முடியாது என்பதால், இந்த விடை பொருத்தமானதே. (ஊரார் சிலருக்கு ஏமாற்றம்தான்.)

அறிக்கையில் இருந்ததோ இந்த ஓர் எண் மட்டும். எந்த ஒப்பீட்டு வாயுவைக் கொண்டு கருவி சரிபார்க்கப்பட்டது, மாதிரியின் செறிவு எவ்வளவு குறைக்கப்பட்டது, அளவீட்டைப் பிறழச் செய்யக்கூடிய ஹைட்ரஜன் சல்பைடு முன்னதாக நீக்கப்பட்டதா என்பவை எதுவும் இல்லை. ஈத்தேன் அளவும் தரப்படவில்லை. ஆழ்நில எரிவாயுவில் அது பொதுவாகக் கலந்திருக்கும், நுண்ணுயிர் வாயுவில் அநேகமாக இராது. மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்கள் இலேசான வகையை முதலில் தீர்ப்பதால் எஞ்சிய வாயுவின் மதிப்பு உயர்ந்து, சேற்று வாயுவே ஆழ்நில வாயுவைப் போலத் தோன்றுவதும் உண்டு. மைனஸ் 50ஐ ஒட்டி விடை வந்திருந்தால் இந்த அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்திருக்க முடியாது.

எரிவாயுவா, சேற்று வாயுவா என்ற கேள்விக்கு இச்சேவையைப் பரிந்துரைக்கலாம். மதுரையின் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கின் வாயுவா, அருகிலுள்ள கண்மாய்ச் சேற்றின் வாயுவா என்று பிரித்தறிய விரும்புவோர், ஹைட்ரஜன் ஐசோடோப்பு அளவும் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.