ரெஜிஸ்டரைக் கையால் எழுதுவதா, லைப்ரரியிடம் விடுவதா: ஒரு படகு ஜிபிஎஸ் சொன்ன பாடம்

மாமாவின் பைபர் படகில் பழைய ஜிபிஎஸ் ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்க வயரில் என்எம்இஏ 0183 (கடல் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் எழுத்து வடிவம்) வரிகள் 4800 பாட் (செக்கனுக்கு 4800 பிட்) வேகத்தில் வரும். அதைப் பிடித்து எஸ்டி கார்டில் எழுதும் சின்னப் பெட்டி ஒன்று செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். ஏடிமெகா328பி, எஸ்டிஎம்32எஃப்103 என்று இரண்டு மைக்ரோகன்ட்ரோலர் சிப், ஒவ்வொன்றிலும் லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோட்) ஒரு தடவை, நேரடி ரெஜிஸ்டர் (சிப்பின் வேலையை அமைக்கும் உள் நினைவிடம்) ஒரு தடவை. இதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது.

முதலில் ஏடிமெகா. வீட்டில் 9600இல் பேசும் ஒரு ஜிபிஎஸ் மொடியூலை வைத்துத்தான் எழுதினேன். சிப்பின் கிளாக்கான 16 மெகாஹெர்ட்ஸை 16ஆல் வகுத்து, பிறகு 9600ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்தால் 103. அதை வேகத்தைத் தீர்மானிக்கும் யூபிஆர்ஆர் ரெஜிஸ்டரில் போட்டு, யூசிஎஸ்ஆர்0பி என்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் ரிசீவரையும் இன்ரறப்ட்டையும் (எழுத்து வந்ததும் சிப்பை அழைக்கும் சைகை) இயக்கினால் வேலை முடிந்தது. எழுத்துக்கு எட்டு பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்பது ரீசெட்டிலேயே அமைந்திருக்கும். டிரான்ஸ்மிட்டரை இயக்கினால் அதற்குரிய கம்பிக்காலையும் (பின்) சிப் தானே எடுத்துக்கொள்ளும். பற்றறி மிச்சமாகட்டும் என்று அப்படியே 8 மெகாஹெர்ட்ஸ் போர்டுக்கு மாற்றி, ஜிபிஎஸ்ஸின் ஆர்எஸ்232 மின்னழுத்தத்தைச் சிப் தாங்கும் மட்டத்துக்கு இறக்க மேக்ஸ்3232 என்ற சிப் ஒன்றையும் இடையில் வைத்து, படகில் மாட்டினேன். வரிகள் அழகாக வந்தன. 4800க்கு மாற்ற மறந்தது இரவுதான் நினைவுக்கு வந்தது. கிளாக் பாதியானதால் 103 என்ற அதே எண் 4800க்குக் கிட்டவாகிவிட்டது, அதாவது இரண்டு பிழை சேர்ந்து ஒரு சரி. அடுத்த நாள் வீட்டு மொடியூலை மாட்டினால் திரை முழுக்கக் குப்பை.

எஸ்டிஎம்32இலும் இதே குழி வேறு இடத்தில் இருக்கிறது. அதன் சீரியல் போர்ட்களுக்கு யூசார்ட் என்று பெயர்; யூசார்ட்1 ஓடுவது 72 மெகாஹெர்ட்ஸில், 2உம் 3உம் 36இல். வேகத்துக்கான பிஆர்ஆர் ரெஜிஸ்டரில் 7500 போட்டால் முதலாவதில் 9600, அதையே இரண்டாவதில் போட்டால் 4800. அதற்கு முன்னால் இன்னொரு சோதனை: கிளாக்குகளைத் திறந்து மூடும் ஆர்சிசி பகுதியில் அந்தப் போர்ட்டின் கிளாக்கைத் திறக்காவிட்டால் நீங்கள் என்ன எழுதினாலும் அது நிற்காது, திருப்பி வாசித்தால் பூச்சியம்தான் வரும். நான் போர்டு பழுது என்றே முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கியும் விட்டேன். சிப்பின் கம்பிக்காலையும் நீங்களே சீரியல் என்ற மாற்றுப் பணிக்கு அமைக்க வேண்டும். இத்தனையையும் கையால் எழுதுவதில் எனக்குப் பெருமை ஒன்றும் தெரியவில்லை. எஸ்டிஎம்32க்கான எச்ஏஎல் லைப்ரரி அந்தக் கிளாக்கைத் தானே பார்த்துக் கணக்குப் போடுகிறது, கிறிஸ்டல் எத்தனை என்று சரியாகச் சொன்னால் போதும்.

ஆனால் எச்ஏஎல்லின் எழுத்துகளை வாங்கும் பகுதி எனக்குப் பிடிக்கவே இல்லை. இன்ரறப்ட் வழியில் எத்தனை எழுத்து வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கும், என்எம்இஏ வரியோ 82 எழுத்துக்குள் எத்தனையாகவும் இருக்கலாம். சரி, ஒவ்வொன்றாகக் கேட்போம் என்று செய்தால், ஒரு தடவை ஓவர்ரன் (முந்தைய எழுத்தை எடுக்குமுன் அடுத்தது வந்துவிடும் பிழை) வந்ததும் வாங்குவதையே சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறது. பிழை வந்தால் அது அழைக்கும் எரர் கோல்பேக்கில் நாம் மறுபடி தொடங்க வேண்டும். நான் இப்போது அமைப்பை மட்டும் எச்ஏஎல்லிடம் விட்டு, இன்ரறப்ட்டுக்குள், வந்த எழுத்து இருக்கும் டிஆர் ரெஜிஸ்டரை நேராக வாசிக்கிறேன். நாலு வரிதான்.

ஏடிமெகாவில் நான் பார்த்த ஆர்டுயினோ லைப்ரரியின் குறை வேறு. வந்த எழுத்துகளைத் தேக்கிவைக்கும் அதன் பஃபர் 64 பைட், நீளமான ஒரு வரியே அதில் அடங்காது. 4800இல், எழுத்துக்குப் பத்து பிட் வீதம், செக்கனுக்கு 480 எழுத்து, ஆகவே 133 மில்லிசெக்கனில் நிரம்பிவிடும். எஸ்டி கார்டு சில நேரம் அதைவிடக் கூடுதலாக யோசித்துக்கொண்டு நிற்கும், அந்த இடைவெளியில் வந்த எழுத்துகள் போனதுதான். கம்பைல் பண்ணும்போது அளவைக் கூட்டலாம், உண்மைதான். ஆனால் 256 பைட் வளையம் ஒன்றை நீங்களே எழுதினால் எட்டு பிட் சுட்டி 255க்குப் பிறகு தானாகவே பூச்சியத்துக்குச் சுற்றி வரும், எல்லை பார்க்கும் வேலையும் இல்லை. ஏடிமெகாவில் ரெஜிஸ்டர் எழுதுவது இவ்வளவு சுலபம் என்பதால் அங்கே லைப்ரரிக்கு நான் போவதில்லை.

ஏடிமெகாவின் பெரிய இடைஞ்சல், ஒரே ஒரு சீரியல் போர்ட்தான். 4800இல் வாங்கிக்கொண்டே லப்டொப்புக்கு 115200இல் அனுப்ப முடியாது, வேகம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அந்த 115200உம் 16 மெகாஹெர்ட்ஸில் சரியாக விழாது: சாதாரண முறையில் மூன்றரை வீதம் குறையும், இரட்டை வேகத்தில் இரண்டு வீதம் கூடும். எஸ்டிஎம்32இன் 72 மெகாஹெர்ட்ஸில் 625 என்று துல்லியமாக விழுகிறது. ஏஐஎஸ்சையும் (கப்பல்கள் தம் இடத்தை அறிவிக்கும் முறை) 38400இல் கேட்க நினைப்பவர் யோசிக்காமல் எஸ்டிஎம்32க்குப் போகலாம்.

மாமா இதையெல்லாம் கேட்டுவிட்டு, “தம்பி, வலை போட்ட இடம் பெட்டிக்குள்ள இருக்கோ இல்லையோ, அதைச் சொல்லு” என்றார். இருக்கிறது. திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் இப்போது மிதப்பது ஏடிமெகா, யூபிஆர்ஆரில் 103தான், இந்த முறை தெரிந்தே போட்டது.