கவரில் வந்த ‘ஹை ரிஸ்க்’

ஊரில் மற்றதெல்லாம் நல்லபடியாகப் போயிற்று. மனசு ஆறாதது கர்ப்பமாக இருக்கும் தங்கையின் என்.ஐ.பி.டி. ரிப்போர்ட் விஷயத்தில்தான். தாயின் ரத்தத்தை வைத்தே கருவுக்குக் குரோமோசோம் குறைபாடு இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்கும் டெஸ்ட் அது. ரிப்போர்ட் வாங்கும் முறை உங்களுக்கே தெரியும்: கவுன்டரில் பில்லை நீட்டினால் கவர் கைக்கு வரும், டாக்டரைப் பார்ப்பது அப்புறம். உள்ளே தடித்த எழுத்தில் ‘டிரைசோமி 13 - ஹை ரிஸ்க்’. 13ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் கடுமையான குறைபாடு அது. கவுன்டர் பெண்ணிடம் கேட்டதற்கு, “99 பர்சன்ட் கரெக்டா இருக்கும் மேடம்” என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். “99ன்னா அவ்வளவுதானேக்கா?” என்று தங்கை இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெளிநாட்டில் எனக்கு இதே டெஸ்ட் எடுத்தபோது, ஊசி போடும் முன்பே மரபணு ஆலோசகர் உட்கார வைத்து விளக்கினார். அந்தப் பேச்சுக்கு இங்கே யாருக்குமே நேரம் இல்லையா என்று பொங்கிப் பொங்கி வந்தது.

மறுநாள் பார்த்த டாக்டரம்மா அந்தக் கோபத்தைப் பாதி தணித்தார். நம் சின்ன வயது டாக்டர்களிடம் இருந்த அதே நிதானம். மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டுக் கணக்கு எழுதினார். “பத்தாயிரம் பேருக்கு டெஸ்ட் எடுக்கிறோம்னு வெச்சுக்கோம்மா. அதுல ஒரு குழந்தைக்குத்தான் இந்தக் குறைபாடு. ஆயிரத்துல ஒண்ணு தப்பாக் காட்டினாலே பத்துப் பேர் ஆச்சு. பதினோரு பேர் பயந்துபோய் வருவாங்க, நிஜமா இருக்கிறது ஒருத்தருக்கு.”

கவுன்டரில் சொன்ன அந்த 99 என்பது, இன்னொரு குரோமோசோம் குறைபாடான டவுன் சிண்ட்ரோம் உள்ள நூறு கருக்களில் ஏறக்குறைய 99ஐ இந்த டெஸ்ட் பிடித்துவிடும் என்கிற கணக்கு. ‘ஹை ரிஸ்க்’ என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே இருக்கிறது என்பது வேறு. குறைபாடு எவ்வளவு அரிதோ, தாயின் வயது எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குப் பொய் எச்சரிக்கையின் பங்கு கூடும். தவிர, தாயின் ரத்தத்தில் இவர்கள் தேடும் டி.என்.ஏ. துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. கோளாறு அதில் மட்டும் இருந்து குழந்தை நன்றாக இருப்பதும் உண்டு. அதனால்தான் நஞ்சுக்கொடித் திசுவை எடுக்காமல், 16 வாரத்தில் பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்போம் என்றார்.

பார்த்தார்கள். குரோமோசோம்கள் எல்லாம் சரியாக இருந்தன.

‘இது உறுதிப்படுத்தும் பரிசோதனை அல்ல’ என்ற வரி அந்த ரிப்போர்ட்டிலேயே, கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது! அதை முதல் பக்கத்தில் போடுங்கள், கவரை டாக்டர் கையால் கொடுங்கள் என்று அந்த மருத்துவமனைக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.