வேர்டும் எக்செல்லும் பிரவுசரில்: டர்பன் கோயில் கமிட்டிக்குப் போதுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்துக் கோயில் கமிட்டிகளும் தமிழ்ப் பள்ளிகளும் மைக்ரோசாஃப்டின் இலவச பிரவுசர் வேர்டையும் எக்செல்லையும் நம்பலாமா? நம்பலாம். காவடிக் காணிக்கைக் கணக்கு, மாணவர் பட்டியல், கூட்டக் குறிப்பு இவற்றுக்கெல்லாம் தாராளமாகப் போதும். பெரிய குறை ஒன்று உண்டு. எது கெட்டாலும் ‘திறக்க முடியவில்லை’ என்ற ஒரே பதில்தான் வருகிறது. அதற்குப் பயந்து நல்ல கோப்பை அழித்துவிடுகிறவர்கள் நிறைய.

பிரவுசருக்கு பி.டி.எஃப். படிக்கத் தெரியும், வேர்ட் கோப்பு படிக்கத் தெரியாது. தொலைவில் உள்ள ஒரு சர்வர்தான் அதைப் படித்துப் பக்கமாக்கி அனுப்புகிறது. கோப்பு சரியாக இருந்தும் அந்த சர்வருக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எட்ஜ் பிரவுசரில் ஒரு வலைத்தளத்து லிங்க்கைத் தட்டியதும் கோப்பு இறங்காமல் அங்கேயே திறக்கப் பார்க்கிறதா? அது மைக்ரோசாஃப்டின் பார்வைக் கருவி. இந்தச் சேவையிலேயே பலவீனமான பகுதி அதுதான். பொதுவில் யாரும் எடுக்கக்கூடிய முகவரியில் இருக்கும் கோப்பைத்தான் அதனால் எடுக்க முடியும். லாகின் கேட்கும் பள்ளித் தளத்தில் இருந்தால் எடுக்காது. எக்செல் 5 மெகாபைட்டுக்குள்ளும், வேர்டும் பவர்பாயிண்டும் 10 மெகாபைட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். திருவிழாப் படங்களைத் திணித்த மலர் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். எட்ஜ் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய், ஆபீஸ் கோப்புகளை பிரவுசரில் திறக்கும் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். கோப்பு கணினிக்கு இறங்கும். அதை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்ட்ரைவில் ஏற்றித் திறக்கலாம்.

ஒன்ட்ரைவிலேயே இருக்கும் கோப்பு திறக்கவில்லை என்றால், அதே ஃபோல்டரில் வேறொரு கோப்பைத் தட்டிப் பாருங்கள். அதுவும் திறக்கவில்லையா? அப்படியானால் குறை பிரவுசரிலோ கணக்கிலோதான். ஒரே பிரவுசரில் பள்ளிக் கணக்கும் சொந்தக் கணக்கும் சேர்ந்திருப்பது வழக்கமான காரணம்: லிங்க் ஒரு கணக்குக்குப் பகிரப்பட்டிருக்கும், பிரவுசர் இன்னொன்றைக் காட்டிக்கொண்டு நிற்கும். தனி ஜன்னலில், அதாவது இன்காக்னிட்டோவில், சரியான கணக்கோடு நுழைந்து பாருங்கள். திறந்தால் பிரவுசரில் இரண்டு கணக்குக்கும் தனித்தனி புரொஃபைல் போட்டுவிடுங்கள். கோப்பு வேறொரு தளத்தின் பக்கத்துக்குள் பதிந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். தனி ஜன்னல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது பிற தளங்கள் பிரவுசரில் வைக்கும் அடையாளக் குறிப்புகளை, தடுப்பதால் அங்கே இன்னும் மோசமாகத் தெரியும்.

மற்றவை திறந்து ஒன்று மட்டும் அடம்பிடித்தால் அந்தக் கோப்பைச் சந்தேகிக்கலாம். நம் ஊரில் இதற்கு ஒரு காரணம் மின்வெட்டு. 2007 ஆபீஸ் கொண்டுவந்த டாக்எக்ஸ் (.docx), எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (.xlsx) கோப்புகள் உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஜிப் பொட்டலங்கள். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் பொட்டலத்தின் கடைசியில் இருக்கிறது. கோப்பை ஏற்றும்போதோ இறக்கும்போதோ மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்தால் வால் வந்து சேராது. தொண்ணூற்றொன்பது சதவீதம் வந்திருந்தாலும் பட்டியல் இல்லாத பொட்டலம்தான். சோதிப்பது எளிது: கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, பெயர் முடிவை ஜிப் என்று மாற்றித் திறங்கள். வேர்ட் கோப்பானால் உள்ளே ‘வேர்ட்’ என்ற ஃபோல்டர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அனுப்பியவரிடம் உள்ள மூலத்தின் அளவோடு இதன் அளவை ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் மறுபடி அனுப்பச் சொல்வதே சரி, பழுதுபார்ப்பதில் நேரத்தைப் போக்க வேண்டாம். முன்பு நன்றாகத் திறந்த கோப்பென்றால் ஒன்ட்ரைவில் அதன்மேல் வலது கிளிக் செய்து வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய வடிவத்தை மீட்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே இந்தச் சேவையை மனதாரப் பாராட்டலாம்.

ஜிப் சோதனையில் தோற்றாலும் கெடாத கோப்பு ஒன்று உண்டு: பொருளாளர் கடவுச்சொல் போட்டுப் பூட்டியது. பூட்டியதும் அது ஜிப் வடிவத்தில் இருப்பதில்லை. பிரவுசர் அடம்பிடித்தால் கணினியில் நிறுவிய எக்செல்லில் கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, ஃபைல், இன்ஃபோ வழியாகப் பூட்டை நீக்கிச் சேமியுங்கள். யார் பார்க்கலாம் என்பதைப் பகிர்வு அனுமதியில் கட்டுப்படுத்துங்கள்.

பழைய தமிழ்ப் பாடத்தாள் திறந்து, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால் அதுவும் கெடவில்லை. எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோட் முறை அல்லாத, பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது அது. பிரவுசருக்கு அந்த எழுத்துரு கிடைப்பதில்லை. என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மாற்றியில் யூனிகோடுக்கு மாற்றி, லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கைபேசியிலும் படிக்க முடியும். ஐம்பது பாடம் இருந்தாலும் உட்கார்ந்து செய்யத் தகுந்த வேலை.

எக்செல் திறந்தும் ரேண்ட் கூட்டுத்தொகை தப்பாக வருகிறதா? விண்டோஸின் தென்னாப்பிரிக்க ஆங்கில அமைப்பில் தசமக் குறி காற்புள்ளி. 150.50 என்று புள்ளி வைத்து அடித்தால் அது எண்ணாகாமல் வெறும் எழுத்தாக நிற்கும், கூட்டலில் சேராது. பிரவுசர் எக்செல்லின் ஆப்ஷன்ஸில் வட்டார அமைப்பை மாற்றலாம். கமிட்டியில் எல்லோரும் ஒரே அமைப்பில் இருப்பது முக்கியம்.

மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) வைத்த கணக்குப் புத்தகம் திறக்கும், மேக்ரோ ஓடாது. இலவச இடம் 5 ஜி.பி. மட்டுமே, 2023 பிப்ரவரியிலிருந்து அவுட்லுக் மின்னஞ்சல் இணைப்புகளும் அதில் சேர்கின்றன. காவடிப் படங்களை அங்கே குவிக்காதீர்கள்.

கூகுள் ட்ரைவ் டாக்எக்ஸ் கோப்பை மாற்றாமலே திறந்து திருத்துகிறது. கூகுள் டாக்ஸாக மாற்றுவதென்றால் 50 மெகாபைட் வரைதான். பக்க அமைப்பு குலையக்கூடாத அழைப்பிதழுக்கு வேர்டே நல்லது. ஒருவர் வேர்டில் திறக்கவில்லை என்று சொன்னால், அதே கோப்பை ட்ரைவில் ஏற்றிப் பாருங்கள். அங்கே திறந்தால் கோப்பில் பெரும்பாலும் குறையில்லை என்று சொல்லலாம்.