இசைக்குழு மேல் இருக்கும் பாசத்தை வைத்தே பணம் பறிக்கிறார்கள்: 186 டாலர் போச்சு, ப்ரீ-ஆர்டர் போடுகிறவர்கள் கவனம்

பணம் கட்டிய ப்ரீ-ஆர்டர் தளத்திடமிருந்து இன்று காலை வந்த மெயிலைப் படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. "உங்கள் கோரிக்கை தீர்த்து வைக்கப்பட்டது, டிக்கெட் மூடப்படுகிறது." டிக்கெட் என்று அவர்கள் சொல்வது என் புகாரை. என்ன தீர்த்து வைத்தார்கள்? 186 டாலர் வாங்கினார்கள், இசைத்தட்டு வரவில்லை, டி-ஷர்ட் வரவில்லை, பணமும் திரும்பி வரவில்லை. கோபம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று எல்லாரும் விட்டுவிடுகிறோம், அவர்கள் காத்திருப்பதும் அதற்குத்தான். என்னென்ன பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

ரசிகர்களிடம் முன்பணம் வாங்கி, சின்னக் குழுக்களின் ஆல்பங்களை எல்பி தட்டாகவும் டி-ஷர்ட்டாகவும் செய்து அனுப்பும் ஒரு ப்ரீ-ஆர்டர் தளம் அது. பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் என்று பயமுறுத்தி எழுதியதை எடுக்க வைக்கிறார்கள், ஏற்கெனவே இரண்டு பேருக்கு அது நடந்திருக்கிறது. குழுவின் பெயரையும் போடவில்லை, அதற்குக் காரணம் வேறு. அவர்களும் என்னைப் போலவே ஏமாந்தவர்கள்.

நாலு பேர் கொண்ட இண்டி குழு. லேபிள் கிடையாது, மேனேஜர் கிடையாது. டூர் போனால் டிரம்மர்தான் வேன் ஓட்டுவார். பாடி முடித்த பாடகி வியர்வையைக்கூடத் துடைக்காமல் இறங்கி வந்து தட்டும் டி-ஷர்ட்டும் விற்கும் மெர்ச் மேஜைக்குப் பின்னால் நின்று, உங்கள் சைஸ் டி-ஷர்ட்டைப் பெட்டியில் தேடி எடுத்துத் தருவார். அவர்களுடைய முதல் இபி, அதாவது சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்ன ஆல்பம், படுக்கையறையில் பதிவு செய்தது, மூன்றாவது பாட்டில் குரல் நிற்கும் இடத்தில் பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிடும், அந்த ஓசை வரும் இடம் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். இப்படிப்பட்ட குழுவை ஸ்ட்ரீமிங் மட்டும் காப்பாற்றாது. ஒரு தடவை பாட்டு ஓடினால் கிடைப்பது ஒரு சென்ட்டில் ஒரு பங்குதான், அதிலும் 2024இலிருந்து ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது. ஆகவே உண்மையிலேயே பிடித்திருந்தால் தட்டை வாங்கு, டி-ஷர்ட் வாங்கு, டிக்கெட் எடுத்து நேரில் போ. இதைத்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம், இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ரசிகர்கள் முன்பணம் கொடுத்துக் குழுவைத் தூக்கி நிறுத்தியதற்கு நல்ல வரலாறும் உண்டு. 1997இல் மரிலியன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவிடம் அமெரிக்கா வந்து பாடப் பணம் இல்லை என்று தெரிந்தபோது, ரசிகர்களே இணையத்தில் 60,000 டாலர் திரட்டி வரவைத்தார்கள். அந்த ருசியைப் பார்த்த குழு 2001இல் வந்த ஆல்பத்துக்கு ரசிகர்களிடமே நேரடியாக முன்பணம் கேட்டது, 12,000 பேருக்கு மேல் கொடுத்தார்கள், ஆல்பமும் வந்தது. பணத்துக்கும் குழுவுக்கும் நடுவில் இன்னொருவன் வந்து உட்காரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ப்ரீ-ஆர்டர் பக்கத்தைத் திறந்த அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். கரும்பச்சையில் புகை படர்ந்த மாதிரி ஒரு தட்டு, எண்ணிட்ட பதிப்பு. அதற்குக் கீழே பாடகியின் கையெழுத்தில் பாட்டு வரிகள் எழுதிய தாளின் படம். ஒரு வரியை அடித்துவிட்டு அதன் மேலேயே சின்ன எழுத்தில் வேறு வரி எழுதியிருந்தார், அடித்த வரிதான் மேடையில் முதன்முதலில் பாடியபோது இருந்தது, நான் கேட்டிருக்கிறேன். இதை வெளியாள் யாரும் போலியாகச் செய்ய முடியாது. சரி, இது குழு கொடுத்ததுதான் என்று உறுதியாகிவிட்டது. அப்புறம் ஒரு கட்டம்: "உள் உறையில் உங்கள் பெயர் எப்படி அச்சாக வேண்டும்?" நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தட்ட, நன்றிப் பட்டியலின் மாதிரிப் படத்தில், ஆல்பம் அட்டையில் இருக்கும் அதே எழுத்துருவில் என் பெயர் வந்து நின்றது. அந்தத் தட்டை எங்கே வைப்பேன் என்றுகூட மனதுக்குள் முடிவாகிவிட்டது. பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே கொட்டை எழுத்தில், "உங்கள் பணத்தில் 85 சதவீதம் நேரடியாகக் கலைஞர்களுக்கு."

தட்டு 120, டி-ஷர்ட் 30, உறையில் பெயர் 15, அனுப்பும் செலவு 21. மொத்தம் 186 டாலர். கட்டிய அடுத்த நொடியே நன்றி மெயில் வந்தது. அந்தத் தளத்தில் வேகமாக நடந்த ஒரே வேலை அதுதான்.

சொன்ன தேதி வந்தது, போனது. கேட்டதற்கு "பிரஸ்ஸிங் ஆலையில் நெரிசல்" என்றார்கள், தட்டு அடிக்கும் ஆலையைச் சொல்கிறார்கள். இதில் என்ன கொடுமை என்றால், அது நம்பக்கூடிய பதில். தட்டு வெட்டத் தேவையான லாக்கர் தகடு செய்யும் தொழிற்சாலை உலகத்திலேயே இரண்டுதான் பெரிதாக இருந்தது. அதில் ஒன்று, கலிஃபோர்னியாவில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ், 2020 பிப்ரவரியில் தீயில் போய்விட்டது. அதற்குப் பிறகு பெரிய நட்சத்திரங்களின் ஆர்டர்கள் ஆலைகளை அடைத்துக்கொண்டு, சின்னக் குழுக்கள் மாதக்கணக்கில் வரிசையில் நின்றதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அதனால் யாராவது "என்னங்க இன்னும் வரலையே" என்று கேட்டால் நாங்களே பதில் சொன்னோம், பொறுமையாக இருங்கள், தட்டு செய்வது லேசான வேலையா என்று. அவர்கள் சொல்ல வேண்டிய சாக்கை அவர்களுக்காக நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்த தடவை கேட்டபோது "டெஸ்ட் பிரஸ்ஸிங் குழுவின் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது" என்றார்கள். தெரியாதவர்களுக்கு: மொத்தமாகத் தட்டு அடிப்பதற்கு முன்னால் ஆலை சில மாதிரித் தட்டுகளை அடித்துக் கொடுக்கும், வெள்ளை லேபிளோடு வரும், குழு அதைக் கேட்டுப் பார்த்து கீறல் ஓசை, ஊசி தாவல் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் மற்றவை அடிக்கப்படும். ஆகவே இது நல்ல செய்தி என்றுதான் எடுத்துக்கொண்டோம். அடுத்து வந்த பதில்தான் அயோக்கியத்தனம். "குழு இன்னும் ஒப்புதல் தரவில்லை, அவர்கள் பக்கம்தான் தாமதம், நாங்கள் காத்திருக்கிறோம்."

இதைப் படித்ததும் ரசிகர்கள் வாய் அடைத்துவிட்டது. பொதுவில் கேட்டால் குழுவுக்குக் கெட்ட பெயர், பாடகிக்கு மன உளைச்சல். பாவம், டூரில் இருக்கிறார்கள், தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டோம். ஒரு பையன் கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டான் என்று அவனை "நீயெல்லாம் ரசிகனா" என்று பேசினார்கள். அவன் கேட்டது அத்தனையும் நியாயம். இந்தப் பாசத்தைக் கணக்குப் போட்டுத்தான் அந்தப் பதிலை அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு மிக்ஸி வராவிட்டால் கடைக்காரனை உலுக்கி எடுத்துவிடுவோம், நம் குழுவின் தட்டு வராவிட்டால் காத்திருக்கிறோம், அதையும் பெருமையாக நினைத்துக்கொண்டு.

கடைசியில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவருக்கு நேரடியாக எழுதினேன். குற்றம் சொல்லவில்லை, டெஸ்ட் பிரஸ்ஸிங் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். அன்று இரவே பதில் வந்தது. டெஸ்ட் பிரஸ்ஸிங் என்று ஒன்று அவர்கள் கைக்கு வந்ததே இல்லை. முதல் தவணையாக ஒரு சின்னத் தொகை வந்ததோடு சரி, அதன்பின் ஒரு டாலர்கூட வரவில்லை. வினைலுக்கென்று, அதாவது இசைத்தட்டுக்கென்று, தனியாக மாஸ்டரிங் (ஒலியைக் கடைசியாகச் சரிசெய்யும் வேலை) செய்த செலவு அவர்கள் சொந்தப் பணம். வேறு ஆலையில் அடிக்கலாம் என்றால் ஒப்பந்தம் விடவில்லை, சரி ரசிகர்களுக்காவது எழுதி விளக்கலாம் என்றால் எங்கள் முகவரி, மெயில் எதுவும் அவர்களிடம் இல்லை, எல்லாம் தளத்தின் கையில். ரசிகர்கள் தங்களைத் திட்டுகிறார்களோ என்று பயந்துபோய் இருந்திருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாது என்று நாங்கள் இங்கே வாயை மூடிக்கொண்டிருக்க, எங்கள் முகத்தில் விழிக்க முடியாமல் அவர்கள் அங்கே ஒதுங்கியிருந்திருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பொய் சொன்னவனிடம் பணம்.

உடனே வங்கியில் கார்டு டிஸ்ப்யூட் போட்டேன், அதாவது பொருள் வரவில்லை, கார்டில் எடுத்த பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுங்கள் என்ற புகார். மறுநாளே சப்போர்ட்டிலிருந்து ஆள் பேசினார், அதுவரை மெயிலுக்கே எளிதில் பதில் வராத இடத்திலிருந்து! தேன் ஒழுகப் பேசினார். "டிஸ்ப்யூட் திறந்திருந்தால் எங்கள் சிஸ்டத்தில் ரீஃபண்ட் போட முடியாது, நீங்கள் வாபஸ் வாங்கிவிட்டால் பத்து வேலை நாளில் 186 டாலரும் வந்துவிடும், எழுத்தில் தருகிறேன்." எழுத்திலும் தந்தார். வாபஸ் வாங்கிய பிறகு பத்து வேலை நாள் என்பது முப்பது வேலை நாள் ஆனது, அப்புறம் "நிதிப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்" ஆனது, அதற்கும் அப்புறம் அந்த ஆள் அங்கே வேலையிலேயே இல்லை என்றார்கள். வங்கியில் திரும்பக் கேட்டால், ஒருமுறை வாபஸ் வாங்கிய அதே பணத்துக்கு மறுபடி டிஸ்ப்யூட் எடுக்க முடியாது, கெடுவும் முடிந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த ஆள் பேசியதே இதற்காகத்தான். நடுவில் ஒரு தடவை பணத்துக்குப் பதிலாக தளத்திலேயே வேறு குழுவின் பொருள் வாங்க 186 டாலர் கிரெடிட் தருகிறோம் என்றார்கள். இன்னொரு குழுவின் ரசிகர்களும் தட்டு வராமல் நிற்கும் அதே தளத்தில்! வேண்டாம் என்று எழுதினேன். அதற்குப் பதில்தான் இன்று காலை வந்த "டிக்கெட் மூடப்படுகிறது."

இது புதுசும் அல்ல. 2009இல் தொடங்கி, இண்டி குழுக்கள் கோயில் மாதிரி நம்பிய பிளெட்ஜ்மியூசிக் என்ற இதே மாதிரி முன்பணத் தளம் 2019இல் இழுத்து மூடப்பட்டது. ரசிகர்கள் கட்டிய பணம் எத்தனையோ கலைஞர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. சிலர் கைக்காசைப் போட்டு ஆல்பத்தை அனுப்பினார்கள், சிலரால் முடியவில்லை. அத்தனை பேர் அடிபட்ட பிறகும், ரசிகர்கள் கட்டும் முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைக்காமல் சொந்தச் செலவுக்கு எடுக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன என்றால் என்ன சொல்வது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பணம் கட்டும் முன் குழுவிடமே கேளுங்கள்: உங்கள் பங்கு எப்போது கைக்கு வரும், டெஸ்ட் பிரஸ்ஸிங் வந்துவிட்டதா என்று. வந்திருந்தால் படம் போட அவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். இலக்குத் தொகை சேர்ந்தால் மட்டுமே கார்டில் பணம் எடுக்கும் கிக்ஸ்டார்ட்டர் மாதிரியான முறை ஒன்று, கட்டிய நொடியே எடுத்துக்கொள்ளும் முறை வேறு, எது என்று பாருங்கள், முதலாவதிலும் பொருள் வந்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை. டிஸ்ப்யூட்டுக்கு 120 நாள் என்பது பல கார்டுகளில் வழக்கம், எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பதை உங்கள் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள், தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டால் அந்தக் கெடுவைத் தாண்ட வைக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ரீஃபண்ட் கணக்கில் ஏறும்வரை யார் என்ன சொன்னாலும் டிஸ்ப்யூட்டை வாபஸ் வாங்காதீர்கள். கிரெடிட் வாங்காதீர்கள். யாராவது "இன்னும் வரலையே" என்று கேட்டால் அவர் வாயை அடைக்காதீர்கள்.

குழுவுக்கு உதவ வேண்டும் என்றால் மெர்ச் மேஜையில் வாங்குங்கள், இல்லை அவர்களே நடத்தும் பக்கத்தில் வாங்குங்கள். குழுக்களே கடை போட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டி-ஷர்ட்டுக்கும் தட்டுக்கும் 10 சதவீதம் எடுக்கிறது, பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று அறிவிக்கும் நாட்களில் தன் பங்கை எடுப்பதில்லை. அங்கேயும் ப்ரீ-ஆர்டர் என்றால் அனுப்பும் தேதியைப் பாருங்கள்.

இந்தக் குழுவின் கரும்பச்சைத் தட்டுக்குப் பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் டிஸ்ப்யூட் கெடு முடிந்ததா என்று இன்றைக்கே பாருங்கள், நாளைக்கு வேண்டாம். ஆர்டர் எண்ணையும் அவர்கள் அனுப்பிய எல்லா மெயில்களையும் எடுத்து வையுங்கள். பேஸ் கிட்டார் வாசிக்கிறவரிடம் பேசிவிட்டேன், கட்டியவர்கள் பட்டியலை நாமே சேர்த்துக் கொடுத்தால் குழுவின் புகாரோடு இணைத்துக் கொடுக்கத் தயார் என்கிறார்கள். என் 186 டாலரோடு பட்டியலைத் தொடங்கிவிட்டேன்.