பிளக் குழியில் ஆயில்: சீலா, ரிங்கா?

ஸ்பார்க் பிளக் இருக்கும் குழியிலிருந்து, அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை உருவியதும் அதன் ரப்பர் முழுக்க ஆயில். "ரிங் போச்சு, என்ஜினைப் பிரிக்கணும்" என்று சொல்ல உடனே ஆள் கிடைக்கும். (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்.) பெரும்பாலும் பிரிக்க வேண்டியது என்ஜினின் உச்சியை மூடும் டேப்பட் கவரை மட்டும்தான். பிளக்கின் எந்தப் பக்கம் நனைந்திருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை வந்துவிடும்.

வெள்ளைப் பீங்கானும் ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணமும் ஊறியிருக்க, சிலிண்டருக்குள் தீப்பொறி விடும் முனையான எலெக்ட்ரோடு உலர்ந்து வெளிர்பழுப்பாக இருந்தால் ஆயில் மேலிருந்து குழிக்குள் இறங்கியிருக்கிறது. குழி காய்ந்திருக்க, எலெக்ட்ரோடு மட்டும் கருப்புப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் ஆயில் சிலிண்டருக்குள் போகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குழியில் ஆயில் நிற்கும்போதே பிளக்கைக் கழற்றினால், அந்த ஆயில் மரை வழியே இறங்கி எலெக்ட்ரோடையும் நனைத்துவிடும். சிலிண்டருக்குள் விழுந்தது ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகையாக வரும். நல்ல ரிங் மேல் பழி விழுவது இப்படித்தான். என்ஜின் ஆறியபிறகு, மெல்லிய குழாய் மாட்டிய சிரிஞ்சால் ஆயிலை உறிஞ்சி, கம்பியில் சுற்றிய துணியால் குழியைத் துடைத்து, அதன்பிறகே பிளக்கைத் தொடுங்கள்.

குழிக்குள் இறங்கும் ஆயிலுக்கு இரண்டு வழி. ஒன்று, டேப்பட் கவரும் குழியின் சுவரான பிளக் டியூபும் சேரும் இடத்து மேல் சீல். சூட்டில் ரப்பர் இறுகி, விரலால் அழுத்தினால் அமுங்காமல் கட்டையாகிவிடும். குழிச் சுவரின் உச்சியிலிருந்தே ஆயில் கோடு தெரியும். இன்னொன்று, டியூப் தனியாகப் பொருத்தப்பட்ட என்ஜின்களில் ஹெட்டோடு (சிலிண்டரின் மேல்மூடி) சேரும் அடிப்பக்க ஓ-ரிங். இது கசிந்தால் சுவரின் மேல்பகுதி காய்ந்திருக்க, அடியில் மட்டும் ஆயில் தேங்கும். சந்தேகமென்றால் குழியை நன்றாகத் துடைத்து, 20 நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். மேல் சீல் மலிவு, வேலையும் எளிது. சில மாடல்களில் அது கவரோடு ஒட்டியே வரும். அப்போது கவரையே மாற்ற வேண்டும். ஓ-ரிங்குக்கு டியூபையே உருவ வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும்.

சீலை மட்டும் மாற்றி, கவரின் விளிம்பில் உள்ள பழைய பேக்கிங்கையே திரும்பப் போடுவது வீண் சிக்கனம். இரண்டுக்கும் ஒரே வயது. பேக்கிங்குக்குப் பதிலாக சிலிக்கான் சீலன்ட்டைச் சுற்றிலும் அப்புவது அதைவிட மோசம். உதிரும் துணுக்குகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். டைமிங் செயினை மூடும் டைமிங் கவர் ஹெட்டோடு சேரும் மூலைகளில் மட்டும் சீலன்ட் ஒரு சொட்டு போதும். கவரின் 6 மி.மீ. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். கூடினால் பிளாஸ்டிக் கவர் வளைந்து மறுபடி கசியும். ஆயிலில் ஊறி உப்பிய காயில் ரப்பரையும் மாற்றிவிடுங்கள்; இல்லையென்றால் ஸ்பார்க் பக்கவாட்டில் தாவி மிஸ் ஃபயர் தொடரும்.

எலெக்ட்ரோடு பக்கம் நனைந்தால் போட்டி ரிங்குக்கும், வால்வின் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலுக்கும். இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட்டானதும் ஒருமுறை நீலப்புகை விட்டு அடங்கினால் வால்வ் சீல். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது புகை தொடர்ந்தால் ரிங். ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (அழுத்தம்) கேஜால் எடுத்து, குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங்தான். ஆனால் ரிங்குகளில் ஆயிலை வழிக்கும் ஆயில் ரிங் மட்டும் கரியில் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் சரியாகவே காட்டும், அதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

புது சீல் போட்டும் சில மாதத்தில் கசிந்தால், என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பாருங்கள். அது அடைத்தால் கிராங்க்கேஸ் காற்றழுத்தம் கூடி எந்த சீலையும் தள்ளும். ஐட்லிங்கில் ஆயில் மூடியைக் கழற்றி வாயில் மெல்லிய காகிதம் வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் வால்வ் வேலை செய்கிறது. வெளியே தள்ளினால் முதலில் வால்வையும் ஹோஸையும் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் தள்ளினால் ரிங் வழியே வாயு கீழே இறங்குகிறது.