உப்புநீர்க் குளோரினேட்டர்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

நீச்சல் குளத்தின் உப்புநீரிலிருந்து மின்சாரத்தால் குளோரின் உண்டாக்கும் கருவியான குளோரினேட்டர் பழையதாகி, குளோரினைக் குறைவாகத் தந்தால், முதலில் நீரின் உப்பளவைச் சோதிக்க வேண்டும். பெரும்பாலான கருவிகளுக்கு லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு தேவைப்படுவதால், உப்புக் குறைவே பல நேரங்களில் பழுதாகத் தோன்றுகிறது.

செலவு: மின்பகு கலத்தில் (மின்சாரம் பாய்ந்து குளோரின் உருவாகும் பகுதியில்) படிந்த சுண்ணாம்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கரைப்பதும் (அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அன்று), நீரோட்ட உணரியை மாற்றுவதும் மலிவானவை, முழுக் கருவியின் விலை பன்மடங்கு.

உழைப்பு: கலத்திலுள்ள டைட்டானியத் தகடுகளின் ருத்தேனிய உலோகப் பூச்சு தேய்ந்துவிட்டால் எந்தக் கழுவலும் அதை மீட்காது, அடிக்கடி அமிலமிடுவது அத்தேய்மானத்தை விரைவுபடுத்தவே செய்யும்.

எளிமை: உதிரிக் கலம் சந்தையில் கிடைத்தால் கலத்தை மட்டும் மாற்றுவது எளிது.

கட்டுப்பாட்டுப் பெட்டி நன்றாக இயங்கினால் கலத்தை மட்டும் மாற்றுவதே என் தேர்வு. இரண்டும் சேர்ந்து தளர்ந்திருந்தால் புதிய கருவியே பொருந்தும்.